பாடுங்கள் என்று சொன்ன செயலி

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு ஷெரின் கணினியைத் திறந்தபோது, மீன் கணக்கு வந்திருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்து மூன்று பாட்டுகள் வந்து கிடந்தன.

முதல் பாட்டைத் தட்டினாள். டீசல் எஞ்சின் தடதடக்க, அதற்கும் மேலே ஓர் ஆண்குரல் மாதா திருவிழாப் பாட்டைத் தொண்டை கிழியப் பாடியது. இரண்டாவது, தாலாட்டு. மூன்றாவதில் ஒருவன் காதல் சோகத்தில் உருகிக்கொண்டிருக்க, "ஏலே நிறுத்துலே, இருக்கிற மீனும் தலைமன்னாருக்கு ஓடிரும்" என்று இன்னொருவன் கத்தினான்.

பக்கத்து மேசையிலிருந்த பூங்கோதை காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள். "என்னடி இது, நம்ம கம்பெனிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு வித்துட்டாய்ங்களா?"

ராமநாதபுரம் கேணிக்கரையில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது அவர்கள் அலுவலகம். சென்னைக் கம்பெனி ஒன்றின் சின்னக் கிளை. ஏழு பேர் வேலை பார்த்தார்கள். அதில் ஐந்து பேர் பெண்கள். பாம்பன் பக்கத்து மீனவர் சங்கம் ஒன்றுக்காக, எந்தப் படகுக்கு எங்கே எவ்வளவு மீன் கிடைத்தது என்று குறித்துவைக்கும் செயலி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். மூன்று மாதமாகப் பன்னிரண்டு படகுகளில் சோதனை நடந்துகொண்டிருந்தது.

அந்தக் கடற்கரையில் கிடைத்த மீனுக்குப் 'பாடு' என்று பெயர். "இன்னைக்குப் பாடு எப்படி?" என்றால் வலையில் எவ்வளவு விழுந்தது என்று அர்த்தம். தங்கச்சிமடத்தில் படகு வீட்டில் பிறந்த ஷெரின், புதிய பொத்தானுக்கு 'பாடு' என்று யோசிக்காமல் எழுதி அனுப்பியிருந்தாள். சென்னையில் அதைப் பார்த்த மூத்த பொறியாளர் பிரபு, உழைக்கிற மனிதர்களை ஒருமையில் ஏவுவது தப்பென்று நினைத்து, வெள்ளிக்கிழமை மாலை அதைப் 'பாடுங்கள்' என்று மாற்றி, பக்கத்தில் தட்டினால் குரலைப் பதிகிற ஒரு மைக்கையும் வைத்து, பன்னிரண்டு படகுக்கும் அனுப்பிவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டான்.

ஷெரின் வீட்டுக்குப் போன் போட்டாள். எடுத்தவர் அப்பா சந்தனம்.

"ஏம்ப்பா, மீனு எவ்வளவுன்னு போடாம ஏன் பாடி வச்சிருக்கீங்க?"

"பாடுங்கள்னு மரியாதையாக் கேட்டுச்சு பாப்பா. கேட்ட பிறகு பாடாம இருந்தா நல்லாவா இருக்கும்? சங்கத்துல ஏதோ போட்டின்னு நெனச்சோம். எனக்குப் பரிசு உண்டா?"

பூங்கோதை மேசையில் கவிழ்ந்து சிரித்தாள். ஷெரினும் சிரித்தாள், ஆனால் பத்தரை மணிக் கூட்டத்தில், திரையில் தெரிந்த பிரபு, "அந்தச் சொல்லை எழுதி அனுப்பினது ஷெரின்தானே? அர்த்தத்தையும் எழுதியிருக்கணும்" என்று சொன்னபோது சிரிப்பு நின்றது.

இது புதிதில்லை. கல்லூரியில் வேலைக்கான வளாகத் தேர்வில் அவளிடம், "கல்யாணம் ஆனா வேலைய விட்டுருவியா?" என்று கேட்டவர்கள், அடுத்து உட்கார்ந்த பையனிடம் அதைக் கேட்கவில்லை. "கடற்கரைப் பிள்ளைங்க முரட்டுத்தனமா இருப்பீங்களாமே?" என்று ஒருவர் புன்னகையோடு விசாரித்தார். பதினான்கு நேர்காணல்களுக்குப் பிறகு இந்த வேலை கிடைத்தது. மூன்று வருடமாக அடுத்தவர் எழுதிய கணினி நிரலில் பிழை பார்க்கிற வேலை. இடையில் அவளே எழுதிய இரண்டு பகுதிகள் பிரபு பெயரில் வெளியாயின. அடியில் பொடி எழுத்தில் 'ஷெரினுக்கு நன்றி.' உழைப்பைப் பறித்துக்கொண்டு நன்றியைக் கையில் திணிக்கும் இந்தப் பழக்கம் குளிரூட்டிய அறைக்குள் வந்தால் மட்டும் நாகரிகமாகிவிடுமா?

"மேடம், ஒரு நிமிஷம்" என்றாள் ஷெரின், கிளைகளுக்கெல்லாம் தலைவியான மகேஸ்வரியிடம். "நாப்பத்து மூணுல முப்பத்தொண்ணு வெறும் பாட்டு இல்ல. கடைசி வரைக்கும் கேளுங்க."

ஒன்றைப் போட்டுக் காட்டினாள். பாட்டு முடிந்ததும் அந்தக் குரல் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னது: "நகரை நாப்பது கிலோ, கணவாய் ஆறு. எழுதிக்கங்க தாயி."

"ஈரக் கையால தட்டினா போன் கேக்காது மேடம். மூணு மாசமாப் பாதிப் பேரு கணக்கே போடல. மைக்கைக் கண்டதும் அவங்களே சொல்லிட்டாங்க. வாயால சொன்னா எழுதிக்கிற மாதிரி நான் செஞ்சு தாரேன்."

செவ்வாய்க்கிழமை முழுக்க அவளும் பூங்கோதையும் சாப்பிட மறந்து உட்கார்ந்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு மீன் பெயர்களை அம்மா ஜோதிமேரி போனிலேயே சொல்லச் சொல்ல ஷெரின் அடித்தாள். புதன் காலை, மேசையில் எல்லாம் ஓடியது. சூடை என்றால் சூடை விழுந்தது, முரல் என்றால் முரல். பூங்கோதை தன் ஊர்ப் பேச்சில் "வெங்காயம் ரெண்டு கிலோ" என்று சொல்லிப் பார்த்தாள். அப்படியொரு மீன் இல்லை என்று செயலி மறுத்தது. இருவரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"மேசை போதாது" என்றார் மகேஸ்வரி. "எஞ்சின் ஓடுற படகுல யாரு இதை ஓட வச்சுக் காட்டுறாங்களோ, குரல் பகுதிக்கு அவங்கதான் தலைமை. வெள்ளிக்கிழமை சங்கத்துக்கு விளக்கப் போறதும் அவங்கதான்."

"நான் இன்னைக்கே ரயில் ஏறுறேன் மேடம்" என்றான் பிரபு. "அங்க லேடீஸ் படகுல ஏறக்கூடாதாமே, ஊர்ல சொல்வாங்க."

"அந்த ஊரு நாந்தான். நான் ஏறுறேன்."

சொல்லிவிட்டாள். சாயங்காலம் வீட்டு வாசலில் வலையை உதறிக்கொண்டிருந்த சித்தப்பா கிளாட்சனிடம், தானும் வல்லத்தில் வருவதாகச் சொன்னாள். அப்பாவும் சித்தப்பாவும் பங்குக்கு வைத்திருந்த நாட்டுப்படகு அது, சோதனையில் இருந்த பன்னிரண்டில் ஒன்று. அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், அவள் எழுதியதைப் பிரபு எடுத்துக்கொண்டு கடலுக்குப் போவான். திரும்பும்போது அது அவனுடையதாகியிருக்கும்.

"வேண்டாம் பாப்பா. பொம்பள ஏறினா பாடு போயிரும்."

ஷெரின் மடிக்கணினியை அவர் முன்னால் வைத்தாள். "மூணு மாசத்துல அம்பத்தொரு தடவ போயிருக்கீங்க சித்தப்பா. இந்த வல்லத்துக்கு மட்டும் அப்பா ஒரு நாள் விடாமப் போட்டிருக்காரு. பதினாலு தடவ வெறும் வலை. அந்தப் பதினாலு நாளும் எந்தப் பொம்பள ஏறினா?"

கிளாட்சன் தலையைச் சொறிந்தார். "ஏறல. ஒங்க சித்தி எதுக்க வந்தா."

"சித்தி எப்ப எப்ப எதுக்க வருவாங்க?"

"தெனமும் வருவாளே, சோத்துத் தூக்கு குடுக்க."

"அப்ப சித்தி வந்தும் முப்பத்தேழு நாளு மீன் பட்டிருக்கு."

வலையின் மறுமுனையில் இருந்த சந்தனம் அதற்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பில் குலுங்கினார். மீன்கூடையைக் கழுவிக்கொண்டிருந்த ஜோதிமேரி இடுப்பில் கைவைத்து எழுந்தாள்.

"கொழுந்தனாரே, கடல்பாசி எடுக்கத் தீவுக்குப் போகையில இதே வல்லத்துல பதினஞ்சு பொம்பளைய ஏத்திக்கிட்டுப் போனது யாரு?"

"அது பாசிக்கு மதினி."

"ஓகோ. பாசிக்குப் போகுதா, மீனுக்குப் போகுதான்னு கடலு வந்து கேட்டுச்சா? இந்த வலையில பாதிக் கிழிசல் நான் தைச்சது. தைச்ச கை ஆகாதுன்னா, தையலப் பிரிச்சுட்டு வலைய எடுத்துட்டுப் போங்க."

கிளாட்சன் வலையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், திரையில் இருந்த பதினான்கைப் பார்த்தார். "ஒரு நாளுதான" என்று முனகினார். ஷெரின் குதித்த குதியில் கூடை உருண்டது.

வியாழன் விடியலில் வல்லம் கிளம்பியது. பிரபு புத்தம் புதுத் தொப்பியோடும், வாந்தி மாத்திரையோடும், "கடல் ரொம்ப அழகா இருக்கு" என்ற புகழுரையோடும் ஏறினான். அரை மணி நேரத்தில் மூன்றும் போய்விட்டன. தொப்பியைக் காற்று கொண்டுபோயிற்று.

ஷெரின் பிளாஸ்டிக் பையில் சுற்றிய மடிக்கணினியோடு வலைக்குவியலில் உட்கார்ந்திருந்தாள். எஞ்சின் சத்தத்தில் செயலி நிலைதடுமாறியது. யாரும் வாய் திறக்காதபோதே 'சூடை, சூடை, சூடை' என்று எழுதிக்கொண்டு போய் ஒன்பதாயிரம் கிலோவில் நின்றது.

"ஒம்பதாயிரமா!" கிளாட்சன் எட்டிப் பார்த்தார். "இந்த வல்லத்துல ஏத்தினா முழுகிருமே பாப்பா!"

"எஞ்சின் பேசுறத மனுசன் பேசுறதா நெனைக்குது சித்தப்பா. இருங்க." எஞ்சினை மட்டும் இரண்டு நிமிடம் பதிவுசெய்தாள், இந்தச் சத்தம் வந்தால் காதை மூடிக்கொள் என்று நிரலுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அலை தூக்கிப் போட்டது. விசைப்பலகையில் கை தப்பியது. அழித்து மறுபடி அடித்தாள். இதுவரை எந்த நாற்காலியிலும் வராத ஒரு மயக்கமான சந்தோஷம் உச்சந்தலைக்கு ஏறியது. உப்புத் தண்ணீர் முகத்தில் அறைய அறைய அவள் சிரித்துக்கொண்டே எழுதினாள்.

வலை ஏறியது. சந்தனம் மீனை நிதானித்துப் பார்த்து, போனை வாயருகே கொண்டுபோனார். "நகரை இருபத்திரெண்டு. பாறை எட்டு. நண்டு மூணு."

நகரை 22. பாறை 8. நண்டு 3.

"வந்துருச்சு!" ஷெரின் எழுந்து நின்று கத்தினாள். எஞ்சினை முடுக்கச் சொன்னாள், மறுபடி சரி. சித்தப்பாவைப் பேச வைத்தாள், சரி. "நீங்களும் ஒரு தடவை பேசுங்க" என்று பிரபுவிடம் போனை நீட்டினாள். நியாயமாகத்தான் நீட்டினாள். அவன் வாய் திறந்தான். பேச்சு வரவில்லை, வேறு எல்லாம் வந்தது.

செயலி அந்தச் சத்தத்தையும் ஒரு மீன் பெயராகவே மரியாதையோடு கேட்டு எழுதிக்கொண்டது: ஊளி, மூன்று கிலோ.

கிளாட்சன் சுக்கானை விட்டுவிட்டுச் சிரித்ததில் வல்லம் ஒரு வட்டம் போட்டது.

கரை நெருங்கும்போது அவர் மீனை மறுபடி மதிப்பிட்டார். "பாடு கூடவும் இல்ல, கொறயவும் இல்ல. எப்பவும் போலத்தான்."

"அதைத்தான நேத்திலருந்து சொல்றேன் சித்தப்பா."

மணலில் கால் வைத்ததும் மகேஸ்வரியின் அழைப்பு வந்தது. ஷெரின் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"ஓடிச்சா? யாரு ஓட வச்சது?"

ஷெரின் வாய் திறக்குமுன், மணலில் மல்லாந்து கிடந்த பிரபு கையை உயர்த்தினான். "ஷெரின்தான் மேடம். நிரலும் அவங்களோடது. நான் வெறும் ஊளி."

"என்னது?"

"அப்புறம் சொல்றேன் மேடம்."

"சரி. ஷெரின், குரல் பகுதி இனி உன் பேர்ல. நாளைக்கு நீதான் விளக்கணும். உதவிக்கு யாரு வேணும்?"

"பூங்கோதை மேடம். அவ பேரும் மேல, என் பேருக்குப் பக்கத்துல வரணும். அடியில நன்றின்னு வேண்டாம்."

"எழுதிக்கிட்டேன்."

அவள் ஈரச் சுடிதாரோடு படகின் நிழலில் உட்கார்ந்து, தலைவியாகத் தன் முதல் வேலையைப் பதிவுசெய்தாள். பிழை எண் ஒன்று: வாந்திக்கும் ஊளிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சரிசெய்ய வேண்டியவர்: பிரபு.