அண்ணன் வேலுச்சாமியும் கொம்பு முளைத்த முகமும்

அன்று அந்த ஹாலில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நடுவில் என் அண்ணன் வேலுச்சாமி. அவர் பக்கத்தில், மில் மெஷின் பார்க்க ஜப்பானிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் மோரி. சோபாவில் டாக்டர் ராமசாமி, பேங்க் மேனேஜர் சுந்தரம், பக்கத்து பங்களா ராஜேஸ்வரி அம்மாள். காபித் தட்டோடு அண்ணி சரோஜா. கிரகப்பிரவேசப் பத்திரிகையும் வெற்றிலை பாக்கும் வைத்த தட்டைப் பிடித்தபடி நானும் என் வீட்டுக்காரர் ஆறுமுகமும். சமையலறை வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்த எங்கள் அம்மா.

இவர்களில் பலர் ஏற்கெனவே போய்விட்டார்கள். போன மாதம் அண்ணனும் போய்விட்டார். பல்லடத்தில் எங்கள் வீட்டுத் தறிச் சத்தத்துக்கு நடுவே போன் வந்தது. அண்ணன் மகன் கார்த்தி பேசினான். "அத்தை, அப்பா போயிட்டாருங்க. காபி கேட்டாருங்க, கொண்டு வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க." அவருக்கு எப்போதுமே காத்திருந்து பழக்கமில்லை. காரியமெல்லாம் முடிந்தபின் அவனே நேரில் வந்து, "நினைவு மலர் போடறோமுங்க. அப்பாவைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க அத்தை" என்றான். நல்லதும் இருக்கும் என்று சொல்லித்தான் ஒத்துக்கொண்டேன். இதைப் படிக்கப்போகிற நீங்கள் எல்லாரும் அவரோடு பழகியவர்கள். அவர் நாக்கு எப்படிப்பட்டது என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நூல் மில்களுக்கு மெஷின் விற்கிற கம்பெனியில் அண்ணன் இருந்தார். கம்பெனி அவரை ஜப்பானுக்கு அனுப்பியது. கூடப் போனவர்கள் ரேடியோவும் கேமராவும் வாங்கி வந்தார்கள். இவர் இடுப்புயரத்துக்கு ஒரு பழைய மரச்சாமியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வந்து இறங்கினார். ஆணா பெண்ணா என்று சொல்லமுடியாத முகம். பாதி உதிர்ந்த தங்க ரேக்கு. தலைக்கு உள்ளேயிருந்து பதித்த பளிங்குக் கண். நான் கைகூப்பினேன். "கும்பிடாதே அம்மணி, பாரு" என்றார். "கும்பிட்டா கண்ணை மூடிக்குவே. அப்பறம் எப்படிப் பாப்பே?"

அதற்கப்புறம் போகிறபோதெல்லாம் ஒன்றிரண்டு சேர்ந்தன. சாமிகள், கோயில் வாசல் காவல் பூதங்கள், அந்த ஊர்க் கூத்தில் கட்டுகிற மர முகங்கள். பீளமேட்டில் அண்ணன் வீட்டு மாடி அறை முழுக்க அவைதான். மரம் வெடித்துவிடும் என்று அந்த அறைக்கு மட்டும் ஏசி போட்டார். கீழே அம்மாவுக்கு ஒரு கட்டிலும், சுற்றும்போது முனகுகிற மின்விசிறியும். "நானும் மரமாப் பொறந்து ஜப்பான்ல இருந்து வந்திருக்கோணும்" என்பாள் அம்மா. "வந்திருந்தா வாயாவது மூடியிருக்கும்" என்பார் அண்ணன். இரண்டு பேரும் சிரிக்கமாட்டார்கள்.

ஒரு ஆயுத பூஜைக்கு அம்மா மாடியேறிப் போய், முதலில் வந்த அந்தச் சாமியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாள். சிவப்பு ரேக்குக்குள் இறங்கிவிட்டது. ஈரப் பஞ்சால் துடைத்தால் தங்கமும் சேர்ந்து வந்தது. அண்ணன் கத்தவில்லை. "இன்னொரு தடவை கை வெச்சீன்னா பல்லடத்துலயே போயி இருந்துக்கம்மா" என்று மெதுவாகச் சொன்னார். அம்மா அதை மறக்கவில்லை.

முகங்களில் ஒன்றுக்குக் கொம்பு இருந்தது. பொறாமையால் பேயாய்ப் போன ஒரு பெண்ணின் முகமாம். திறந்த வாய், பித்தளை பூசிய கண், கோரைப்பல். நேரே பார்த்தால் கோபம், கொஞ்சம் குனித்துப் பிடித்தால் அழுகை. அதைப் பட்டுப் பைக்குள் போட்டு, பெட்டிக்குள் வைத்திருந்தார். வெளியே எடுத்தால் கயிறு கட்டுகிற ஓட்டை இருக்கும் ஓரத்தில்தான் விரல் படவேண்டும். "முகத்தைத் தொடாதே, காதோரம் பிடி" என்று பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வார்.

அந்தச் சமயத்தில்தான் பல்லடத்தில் நாங்கள் வீடு கட்டினோம். வேலை நடக்கிற வீட்டுக்குத் திருஷ்டி முகம் மாட்டுவது நம் பக்கத்து வழக்கம். ஒருநாள் என் வீட்டுக்காரர் பீளமேடு போய்விட்டு, பழைய துண்டில் சுற்றிய அந்தக் கொம்பு முகத்தோடு வந்தார். நம் வீட்டுக்கென்று அங்கே கொடுத்தார்கள் என்றார். அண்ணனுக்கு இவ்வளவு மனசு வந்ததா என்று எனக்குச் சந்தோஷம். கொத்தனார் முகப்பில் ஆணியடித்து மாட்டி, அதன் நெற்றியில் ஒரு பொட்டும் வைத்தார்.

கிரகப்பிரவேசத்துக்கு அழைக்கத்தான் அன்று அந்த ஹாலுக்குப் போனோம். அண்ணன் மோரிக்குக் காட்டவென்று கொம்பு முகத்தின் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். பட்டுப் பை தட்டையாகக் கிடந்தது. என் வீட்டுக்காரர் சிரித்த முகமாய், "அதுங்களா மச்சான்? எங்க ஊட்டு முகப்புல மாட்டியாச்சுங்க. ரோட்டுல போறவன் ஒருத்தன் சைக்கிளோட உழுந்துட்டானுங்க" என்றார்.

"யாரைக் கேட்டு எடுத்தே?"

தங்கை புருஷனிடம் 'ங்க' இல்லாமல் பேசுவது எங்கள் பக்கம் கன்னத்தில் அறைவதற்குச் சமம். என் வீட்டுக்காரர் ஒருதடவை சமையலறை வாசலைப் பார்த்தார். முறத்தில் அம்மாவின் விரல்கள் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தன. அவர் திரும்பி, "நான்தானுங்க எடுத்தேன்" என்றார்.

"திருட்டுப் பய" என்றார் அண்ணன். "உன்ற புருசனைக் கூட்டிட்டுப் போ அம்மணி. சரோஜா, போறதுக்கு முன்னால பையை ஒருக்காப் பாத்து அனுப்பு."

அண்ணி என் பையைத் திறந்து பார்த்தாள். பத்திரிகைகளும் என் மூக்குக் கண்ணாடியும் இருந்தன. ராஜேஸ்வரி அம்மாள் தன் கைப்பையை சோபாவிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். டாக்டர் காபி குடித்தார். நாங்கள் செருப்பு மாட்டும்போது, பாஷை தெரியாத அந்த மோரி மட்டும் எழுந்து நின்று என் வீட்டுக்காரரைப் பார்த்துக் குனிந்தார்.

பஸ்ஸில் சூலூர் தாண்டியபிறகுதான் அவர் பேசினார். "உங்கம்மாதான் குடுத்தாங்க. மச்சானுக்குத் தெரியும்னு சொன்னாங்க. அவங்க உசுரோட இருக்கற வரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது. வயசான காலத்துல தொரத்தி உட்டுட்டா எங்க போவாங்க?"

நம் வீட்டுக்கு வரட்டுமே என்றேன். போய்க் கூப்பிடவும் செய்தேன். "மகன் இருக்கறப்ப மக ஊட்டுச் சோத்துக்கு வந்தா ஊரு என்ற மூஞ்சில காறித் துப்பாதா?" என்றாள் அம்மா. உன் மருமகன் மூஞ்சியில் துப்புகிறார்களே என்றேன். "ஆம்பளை, தொடச்சுக்குவாரு" என்றாள்.

அண்ணன் அனுப்பிய டிரைவர் வந்து முகத்தைக் கழற்றிக்கொண்டு போனான். பிறந்த வீட்டுச் சீர் வராமல் எங்கள் கிரகப்பிரவேசம் நடந்தது. ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் பீளமேட்டிலிருந்தே பதில் வந்து சேர்ந்தது. நூல் கடையில் யாராவது கத்திரியைக் காணோம் என்றால், "ஆறுமுகத்தைக் கேளுங்க" என்று சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தால் சாப்பிடமாட்டார். அந்தப் பட்டத்தோடுதான் அவர் செத்தார்.

சாவுக்கு அம்மா வந்தாள். அண்ணன் வரவில்லை. வந்தவர்களில் அவள் ஒப்பாரிதான் பெரிது. நான் அவள் காதருகே குனிந்து, "இத்தனை சனம் இருக்குது. இப்பவாவது சொல்லிப்போடு" என்றேன். அழுகையை நிறுத்தி, கண்ணைத் துடைத்து, வெகு தெளிவாகச் சொன்னாள்: "போனவருக்கு இனி மானம் எதுக்கு அம்மணி? நான் இருந்து சோறு திங்க வேண்டாமா?" பிறகு விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைத் தொடர்ந்தாள். அதற்கப்புறமும் பல வருஷம் இருந்து சாப்பிட்டாள்.

அவள் அஸ்தியைக் கொடுமுடியில் கரைத்துவிட்டுப் படியேறும்போது அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஈர வேட்டியோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல கண்ணு?"

"நீங்க கேட்டீங்களா? அவரு வாயைத் திறக்கறதுக்கு முன்னாலயே உங்க மனசுல திருடனாயிட்டாருங்க."

வேட்டி நுனியைப் பிழிந்தார். பிறகு, "அன்னிக்கு ஹால்ல யாரெல்லாம் இருந்தாங்க?" என்றார். அவருக்கு அதுவே மறந்துபோயிருந்தது. நான் ஒவ்வொரு பெயராகச் சொன்னேன்.

மறுநாள் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அப்போது அவருக்கு மூட்டு வலி, படி ஏறுவதே பெரும்பாடு. மேனேஜர் சுந்தரம் இறந்து வெகு காலம் ஆகியிருந்தது. அண்ணன் வாசலிலேயே நின்று அவர் மருமகளிடம் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு யார், எவர் என்றே புரியவில்லை. டாக்டருக்கு நினைவு தப்பியிருந்தது. அவரிடமும் சொன்னார். ராஜேஸ்வரி அம்மாள் மட்டும் நன்றாக ஞாபகம் வைத்திருந்தார். "அட, அப்படீங்களா? நான் ஊரெல்லாம் சொல்லிட்டனே!" என்று சிரித்துவிட்டு, பேத்தி கல்யாண ஆல்பத்தை எடுத்துவந்தார். அண்ணன் ஒவ்வொரு படமாகப் பார்த்தார். எழுந்து வரும்போது மறுபடியும் சொன்னார்: "என்ற மாப்பிள்ளை திருடலைங்க."

கடைசியில் மோரிக்கு போன் போட்டார். இங்கிலீஷில் பேசினார்கள். அந்தக் கிழவர் சொன்னதை, காருக்குள் வந்து உட்கார்ந்தபின்தான் அண்ணன் எனக்குச் சொன்னார். என் வீட்டுக்காரர் திருடவில்லை என்று மோரிக்கு அன்றே தெரியுமாம். முகம் எங்கே போயிற்று என்று அன்று அண்ணன்தான் இங்கிலீஷில் அவருக்குச் சொல்லியிருக்கிறார். திருடியவன் யாராவது தன் வீட்டு வாசலில், ரோட்டைப் பார்த்து மாட்டிவைப்பானா என்று கேட்டாராம். அண்ணன் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். நான் சமாதானம் சொல்லவில்லை. அழட்டும் என்று ஜன்னல் வழியே பீளமேட்டு டிராஃபிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார்த்தி, அந்த மர முகங்களில் ஒன்றை எனக்குத் தருவதாகச் சொன்னாய். வேண்டாம் சாமி. உன் அப்பாவிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு. வலிக்கிற முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அடுத்தவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்க ஆளில்லாத இடத்திலும் "என்ற மாப்பிள்ளை திருடலைங்க" என்று சொன்ன அந்தக் குரல் எனக்குப் போதும். தெரிந்த மறுநாளே கிளம்பினார். அதற்காக அவரை மன்னித்துவிட்டேன். புருஷன் பேச்சுக்குப் பயந்து என் பையைத் துழாவிய அண்ணியையும் மன்னித்துவிட்டேன்.

எல்லாம் தெரிந்தும் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவளை மன்னிக்கமாட்டேன். வருஷம் தவறாமல் அவளுக்குப் படையல் வைக்கிறேன், பிடித்த பணியாரம் முதற்கொண்டு. தின்றுவிட்டுப் போகட்டும். என்னைப் பெற்றவள், அவள் பெயர் நாச்சம்மாள்.