ஜானவாசத்துக்கு நான்காவது கியர் எதற்கு?

"கியரை நான்கில் போட்டு, காட்டும் முள்ளை 4 என்ற எண்ணுக்கு நேராகப் பொருத்தவும். மற்றவை தாமாகவே சரியாக அமையும்."

என் மோட்டார் சைக்கிளின் கையேட்டில், கியர்பெட்டி பற்றிய பகுதியின் கடைசி விதி இது. முப்பத்தாறு வருடம் அரசு அலுவலகத்தில் விதிகளைப் படித்தும், எழுதியும், மற்றவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடித்தும் ஓய்வு பெற்றவன் நான். இத்தனை சுருக்கமான, தெளிவான விதியை என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. ஆனால் மற்றவை தாமாகச் சரியாக அமையவில்லை. போன ஆவணியில், என் தங்கை மகனின் ஜானவாசத்துக்கு, அதாவது மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்துக்கு, முதல் நாள், லஸ் சிக்னலில் அது எனக்குத் தெரியவந்தது.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் செய்தது. என்னைவிட இரண்டு வயது மூத்தது. ஆனால் காலையில் என்னைவிட சீக்கிரம் கிளம்பிவிடும். இந்தக்கால வண்டிகளுக்கு நேர்மாறாக, கியர் வலது காலில், பிரேக் இடது காலில். வலது பாதத்துக்குப் பக்கத்தில், கியர்பெட்டியின் மேல் ஒரு சின்ன வட்டத் தகடு. அதில் 1, N, 2, 3, 4 என்று பொறித்திருக்கும். எந்தக் கியரில் இருக்கிறோம் என்று ஒரு முள் சுட்டிக்காட்டும். N என்றால் நியூட்ரல். முப்பது வருடமாக ஓட்டுகிறேன், ஒரு நாளும் நான் அந்த முள்ளைப் பார்த்ததில்லை. கியர் விழுந்ததா இல்லையா என்பது காலுக்கே தெரியும்.

தங்கை மகனுக்குத் தெரியாது. அவன் பழகியதெல்லாம் கியர் எண்ணைத் திரையில் காட்டும் வண்டி. அப்படிப்பட்டவனுக்கு ஓர் ஆசை வந்தது. ஜானவாசத்தில் எல்லா மாப்பிள்ளைகளையும்போல் திறந்த காரில் உட்கார மாட்டானாம். கோட்டு சூட்டோடு, மாலையோடு, மாமாவின் பழைய வண்டியை ஓட்டிக்கொண்டு பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு வருவானாம். பெண்ணுக்கும் அதுதான் ஆசையாம். "நம்பர் தெரிஞ்சா ஓட்டிடுவேன் மாமா. அந்த முள்ளை மட்டும் சரி பண்ணிக் குடுங்கோ" என்றான். நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

என் தங்கைக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "நாதஸ்வரக்காரா முன்னாடி போயிண்டிருப்பா, இவன் பின்னாடி வருவான். நியூட்ரல்னு நெனச்சுண்டு தவில்காரர் மேல ஏத்திட்டான்னா, மறுநாள் கெட்டிமேளம் யார் வாசிப்பா அண்ணா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஜானவாசத்துக்கு முதல் நாள் சாயங்காலத்துக்குள் வண்டியைச் சரிசெய்து அவள் கண்ணில் காட்ட வேண்டும், இல்லையென்றால் கார் என்று கெடு வைத்தாள்.

விதிப்படி வேலையை ஆரம்பித்தேன். நான்காவது கியர் போட்டு முள்ளை 4-க்கு நேராக மாட்டினேன். நியூட்ரலுக்கு வந்தால் முள் N-ஐத் தொடாமல் பாதி வழியில் நின்றது. சரி என்று N-க்கு நேராக மாற்றி மாட்டினேன். இப்போது நான்காவது கியர் போட்டால் 3 காட்டியது. ஸ்பிரிங்கை மாற்றினேன். உள்ளே இருந்த அச்சைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினேன். ஐந்து கியர் நிலைக்கு ஐந்து வரிசை, நான்கு முயற்சிக்கு நான்கு பத்தி என்று அட்டவணை போட்டேன். அடையாறு வீட்டு வராந்தாவில் நான் குனிந்திருந்த நேரத்தை என் மனைவி கணக்கு வைத்திருந்தாள். "இவ்வளவு நேரம் சாமி முன்னாடி குனிஞ்சிருந்தா அவரே நேர்ல வந்து ரிப்பேர் பண்ணியிருப்பார்" என்பது அவள் கருத்து.

இதற்கிடையில் இங்கிலாந்தில் இந்த வகை வண்டிக்காரர்களுக்கென்று இருக்கும் ஒரு சங்கத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பொருள், பார்வை, ஏழு இணைப்புகள் எல்லாம் முறைப்படி வைத்து. பதில் இல்லை. நினைவூட்டு ஒன்று, நினைவூட்டு இரண்டு. அதற்கும் இல்லை. நான் கற்றுக்கொடுத்த வித்தையை என்னிடமே காட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கெடு நாள் வந்துவிட்டது. கையேட்டை மீறக்கூடாது என்று, கடைசியாக ஒருமுறை விதிப்படியே 4-க்கு நேராக மாட்டிவிட்டு, தங்கையிடம் காட்ட மயிலாப்பூருக்குக் கிளம்பினேன். லஸ் சிக்னலில் சிவப்பு. எனக்கு முன்னால் ஓர் ஆட்டோ. கியரை இறக்கி நிறுத்தினேன். குனிந்து பார்த்தேன். முள் அழகாக N-க்கு நேராக நின்றது. கால் மட்டும் "இது ஒன்றாவது கியர்" என்று சொல்லிற்று. முப்பது வருடம் பொய் சொல்லாத கால். ஆனால் எதிரே இருப்பது அச்சிட்ட எண் அல்லவா? எண்ணை நம்பிக் கிளட்சை விட்டேன்.

வண்டி ஒரு துள்ளுத் துள்ளி ஆட்டோவின் பின்பக்க பம்பரில் முட்டி நின்றது.

ஆட்டோவிலிருந்து புடவைக்கு மேல் காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண்மணி இறங்கினார். நாற்பத்தைந்து வயதிருக்கும். "யோவ் பெர்சு! நின்னுகினு கீற வண்டிய வந்து இடிக்கிற, இன்னா அவசரம்?"

"மன்னிச்சுடும்மா. முள் நியூட்ரல்னு காட்டித்து."

"முள்ளு காட்டுச்சா? காலு இன்னா சொல்லுச்சி?"

என் வாழ்க்கையில் எந்த மேலதிகாரியும் என்னை இவ்வளவு துல்லியமாக விசாரித்ததில்லை.

பம்பருக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வண்டிகளையும் ஓரங்கட்டினோம். வண்டியைச் சுற்றிப் பார்த்ததும் அந்த அம்மாவின் கோபம் இறங்கிவிட்டது. "செம்ம வண்டி சார் இது" என்று டேங்கைத் தடவிப் பார்த்தார். உற்சாகத்தில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஜானவாசம், மாப்பிள்ளை, தவில்காரர், தங்கை வைத்த கெடு, கையேட்டு விதி. சட்டைப் பையிலிருந்து அட்டவணையையும் எடுத்துக் காட்டினேன். அவர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஊர்கோலத்துல மாப்புள நாலாவது கியர்லயா பறக்கப்போறாரு?"

நான் அட்டவணையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

"மேளக்காரங்க நடந்து போவாங்க, இவுரு பின்னால ஊர்ந்துகினே வருவாரு. நூறு தபா நிக்கணும். நியூட்ரலு தெரிஞ்சா போதாதா? நாலுக்கு நேரா வெச்சிகினு உட்காந்துருக்கியே சார்!"

பிறகு தன் ஆட்டோவின் கைப்பிடியைக் காட்டினார். கியர் எண்கள் எல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. நியூட்ரல் வரும் இடத்தில் மட்டும் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. "நம்பரு போயி வருஷமாச்சி. இந்தப் பொட்டு ஒண்ணுதான். மீதிய வண்டியே கத்திச் சொல்லும்."

அதன்பின் நடந்தது இரண்டு நிமிட வேலை. வண்டியை ஸ்டாண்டில் போடச் சொன்னார். பின்சக்கரம் கையால் தள்ளினால் தடையில்லாமல் சுற்றும்வரை கியரைத் தட்டச் சொன்னார். சுற்றியது. அதுதான் நியூட்ரல், அதில் முள்ளுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. முள் எங்கே நின்றதோ அந்த இடத்தில், தன் பையிலிருந்த ஸ்டிக்கர் அட்டையிலிருந்து பெரிய பொட்டாகப் பார்த்து உரித்து ஒட்டினார். ஐந்து எழுத்துகளின் மேலும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை வெட்டி ஒட்டி மறைத்தார். முள்ளைக் கழற்றவே இல்லை. திருப்புளிகூடத் தேவைப்படவில்லை. நான் ஐந்து வாரமாகத் திருத்திக்கொண்டிருந்தது எது சரியாக இருந்ததோ அதை; தொடாமல் விட்டது அந்தத் தகட்டை.

"நாளைக்கி எத்தினி மணிக்கி ஊர்கோலம்? நானும் வரேன். மாப்புள கால பாக்கணும்" என்றார். அழைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் ஆறரை மணிக்குக் கோயில் வாசலில் நாதஸ்வரம் ஆரம்பித்தது. தங்கை மகன் நீலக் கோட்டு, ரோஜா மாலை, நெற்றி நிறைய வியர்வை. தவில்காரருக்கு விஷயம் எப்படியோ தெரிந்துபோயிருந்தது. வாசித்துக்கொண்டே பத்தடிக்கு ஒரு முறை திரும்பித் திரும்பிப் பார்த்தார். வண்டிக்குப் பக்கத்தில் அந்த அம்மா, பட்டுப்புடவையில், நடந்து வந்தார். ஒவ்வொரு தடவை ஊர்வலம் நிற்கும்போதும் அவர் குரல் மேளத்தையும் மீறிக் கேட்டது.

"பொட்டு பாத்தியா நைனா?"

"பாத்துட்டேன்க்கா!"

முதல் இரண்டு தடவை பயத்தோடு சொன்னான். மூன்றாவது தடவை சிரித்துக்கொண்டே சொன்னான். மாடவீதி திரும்பும்போது கூட வந்த உறவுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர் கேட்க, முப்பது பேர் ஒரே குரலில் "பாத்துட்டோம்!" என்றார்கள். வேடிக்கை பார்க்க நின்ற பூக்காரர்களும் கத்தினார்கள். என் தங்கை, கார் வேண்டும் என்று கெடு வைத்தவள், கையில் ஆரத்தித் தட்டோடு எல்லாரையும்விட உரக்கக் கத்தினாள். "வண்டிக்குக்கூட பொட்டு வெச்சு அழைச்சுண்டு வந்திருக்கியே அண்ணா" என்று எனக்குப் பாராட்டு வேறு. நான் மறுக்கவில்லை. உரியவருக்குப் பெருமையைச் சேர்க்க வேண்டும் என்பது விதி. ஆனால் எவ்வளவு நாளுக்குள் என்று அதில் சொல்லவில்லை. மறுநாள் பந்தியில் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது, பொட்டு வைத்தது அவர்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

மண்டப வாசலில் இறங்கிய மாப்பிள்ளையைப் பெண் வீட்டார் உள்ளே அழைத்துப் போனார்கள். வண்டி தனியாக நின்றது. தவில்காரர் தவிலைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, யாரும் கேட்காமலே அதன் மேல் ஏறி உட்கார்ந்து ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டார். ஒரு கீறல்கூட இல்லாமல் மறுநாள் கெட்டிமேளமும் வாசித்தார்.

இப்போதெல்லாம் எதைப் பழுதுபார்க்க உட்கார்ந்தாலும், கையேட்டைத் திறப்பதற்கு முன்னால் இதை வைத்துக்கொண்டு எங்கே போகப்போகிறோம் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன். பாதி வேலை அங்கேயே குறைந்துவிடுகிறது. அந்த வட்டத் தகடு என் வண்டிக்கு உரியதே அல்ல, வேறொரு மாதிரியிலிருந்து எப்போதோ யாரோ எடுத்து மாட்டியது, எண்களின் இடைவெளி அதிகம், எந்த முறையில் பொருத்தினாலும் ஐந்தும் ஒருசேரப் பொருந்தவே பொருந்தாது, சரியான தகடு வேண்டுமானால் அனுப்புகிறோம் என்று இங்கிலாந்துச் சங்கத்தார் மிகுந்த மரியாதையோடு எழுதியிருந்தார்கள். நன்றி, தேவை எழவில்லை என்று பதில் எழுதிக் கோப்பை முடித்தேன். அவர்கள் கடிதம் வந்து சேர்ந்தது தை இரண்டாம் தேதி.