இருசம்மாள் குத்திய அம்மைப்பால்

இங்கிலீஷ்காரர் கோட்டையை இடித்துப் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒல்லாந்தர் பழவேற்காட்டுக்குத் திரும்பி வந்தபோது இருசம்மாளுக்கு முப்பது வயது ஆகியிருக்கவில்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோதே வைசூரி கண்டு பிழைத்தவள். முகமெல்லாம் குழி குழியாகத் தழும்பு. அவளுடைய அண்ணனும் இரண்டு தங்கைகளும் அதே வைசூரியில் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். புருஷன் குப்பன் ஏரியில் வலை போட்டுக் கொண்டுவரும் இறாலைக் கூடையில் சுமந்து, ஒல்லாந்தர் தெருவில் சமையற்கட்டு வாசல்களில் விற்று வந்தாள்.

மார்கழியில் ஒருநாள் காலை ஒல்லாந்து வைத்தியத் துரை குப்பத்துக்கு வந்தான். கூடவே துபாஷி சந்தியாகு. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கையால் தொடாமல் பிரம்பு நுனியால் சட்டையை விலக்கிப் பார்த்தான் துரை. சொறி சிரங்கு இல்லாத பிள்ளையாக இருசம்மாளின் ஐந்து வயது மகள் தேவகியைத் தேர்ந்தெடுத்தான். சென்னப்பட்டணத்திலிருந்து, மாட்டம்மைக் கொப்புளத்தில் எடுத்த அம்மைப்பால் வந்திருக்கிறது, இவள் கையில் குத்தினால் ஒரே ஒரு கொப்புளம் எழும்பும், அப்புறம் சாகும்வரை இவளுக்கு வைசூரி வராது என்று சந்தியாகு விளக்கினான். ஆத்தா கோபிப்பாள் என்று குப்பன் பயந்தான். இருசம்மாள் அவனைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மகளின் கையைப் பிடித்து அவளே நீட்டினாள்.

எட்டாம் நாள் கொப்புளம் முத்துப் போலத் திரண்டதும் துரை வீட்டுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. வராந்தாவில் மெத்தை போட்ட நாற்காலிகளில் ஒல்லாந்துப் பிள்ளைகள் பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தேவகியைப் படியேற விடவில்லை. குதிரை லாயத்துப் பக்கம், ஈ மொய்க்கும் சாணத்தருகே அவளை உட்கார வைத்தார்கள். துரை மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வந்தான். பிள்ளையின் மணிக்கட்டை ஒரு துணியைச் சுற்றிப் பிடித்தான். கொப்புளத்தைக் கீறி, ஊறிய நீரை ஊசியில் எடுத்தான். அழுத பிள்ளையை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு காடி ஊற்றிக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, மேலே போய் அந்த நீரைத் தன் ஜனத்துப் பிள்ளைகளின் கைகளில் ஏற்றினான்.

இருசம்மாள் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிள்ளையைத் தொட அவனுக்குக் குமட்டுகிறது, அவள் புண்ணில் கசிந்தது மட்டும் வேண்டியிருக்கிறது.

ஆனாலும் தணிந்தே பேசினாள். குப்பத்தில் இன்னும் முப்பது பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் குத்தச் சொல் என்று சந்தியாகுவிடம் கேட்டாள். அவன் துரையிடம் பேசிவிட்டு வந்தான்.

"உங்க ஜனத்து உடம்பு வேற மாதிரியாம். வைசூரி வந்தாலும் தாங்கிக்குமாம். வீணா ஊசியைக் கெடுக்க வாணாம்னு சொல்றாரு."

"என் மூஞ்சியைப் பார்த்தா தாங்கினா மாதிரியா கீது?" என்றாள் இருசம்மாள். "உடம்பு வேறன்னா, எம் பொண்ணு கையில ஊறினது அவுங்க பசங்களுக்கு எப்படிச் சேரும்? அதைக் கேளு."

சந்தியாகு அதைத் துரையிடம் கேட்கப் போகவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, போய்விடு என்று கை காட்டினான்.

கொப்புளம் இன்னும் கசிந்துகொண்டுதான் இருந்தது. குப்பத்துக்கு வந்ததும் இருசம்மாள் படகுப் பாய் தைக்கும் ஊசியை நெருப்பில் காட்டி ஆறவைத்தாள். துரை செய்ததை ஒன்றுவிடாமல் பார்த்து வைத்திருந்தாள். சீழை எடுத்துப் பிள்ளை உடம்பில் வைப்பதா என்று பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். அவளுக்குந்தான் அருவருப்பாக இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். நாலு தாய்மார்தான் சம்மதித்தார்கள். மூன்று பிள்ளைகளுக்குக் கொப்புளம் எழும்பியது. நாலாவது, பக்கத்து வீட்டு முனியம்மாளின் மகன். அவன் கையில் ஒன்றும் காணவில்லை. மறுபடி குத்திக்கொள்ள முனியம்மாள் விடவில்லை. எட்டு நாள் கழித்து அந்த மூவரிடமிருந்து வேறு பிள்ளைகளுக்கு, அவர்களிடமிருந்து இன்னும் சிலருக்கு என்று, மாசி பிறப்பதற்குள் இருபத்திரண்டு பிள்ளைகளுக்குத் தழும்பு விழுந்துவிட்டது.

மாசிக் கடைசியில் ஆரம்பாக்கம் பக்கமிருந்து வைசூரி வந்தது. குப்பத்தில் பெரியவர்கள் ஐந்து பேர் செத்தார்கள். குத்தாத பிள்ளைகளில் மூன்று பேர் போனார்கள். முனியம்மாளின் மகனும் போனான். தழும்பு விழுந்த பிள்ளைகளில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முனியம்மாள் அதற்கப்புறம் இருசம்மாளோடு பேசவே இல்லை. அன்றைக்கு அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தாவது குத்தியிருக்கலாமே என்று இருசம்மாள் வெகுநாள் வெந்தாள்.

சேதி ஒல்லாந்தர் தெருவுக்கு எட்டியது. புதுக் கப்பலில் ஒல்லாந்துக் குடும்பங்கள் வந்து இறங்கியிருந்தன. துரையிடம் இருந்த பால் காய்ந்து கெட்டுப்போயிருந்தது. கைக்குட்டையோடு மறுபடி குப்பத்துக்கு வந்தான். பிள்ளைகளின் கைகளைப் பார்த்துவிட்டு, ஒழுங்காகத்தான் குத்தியிருக்கிறாள், இதை யார் இவளுக்குச் சொல்லிக்கொடுத்தது என்று சந்தியாகுவிடம் விசாரித்தான். அவளிடம் கேட்கவில்லை.

கொப்புளம் பழுத்த பிள்ளை அப்போது ஒருத்தி இருந்தாள். அவள் வேண்டும் என்று துரை பிரம்பால் காட்டினான். இருசம்மாள் அவளைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"தர்றேன். பசங்கன்னா எல்லாம் பசங்கதான். ஆனா வடக்குக் குப்பத்துல, தீவுல இருக்கிற பசங்களுக்கு மொதல்ல நீ குத்தணும். நான் பக்கத்துல நிப்பேன்."

இதைச் சந்தியாகு அப்படியே மொழிபெயர்த்தான். துரைக்குக் காது சிவந்தது. இருந்தாலும் வேறு வழியில்லை. இரண்டு நாள் வெயிலில் குனிந்து நாற்பது பிள்ளைகளுக்குக் குத்தினான். இருசம்மாள் சொன்னபடியே பக்கத்தில் நின்றாள்.

அதற்குப் பிறகு அவள் ஒல்லாந்தர் தெருவுக்கு இறால் கொண்டுபோகவில்லை. அந்த வாசல்களை நினைத்தாலே வாயில் கசந்தது. கூடையோடு உழவர்கள் இருக்கும் காட்டூருக்கு நடந்தாள். கொப்புளம் பழுத்த பிள்ளை யாராவது இருந்தால், தாயோடு கூட்டிக்கொண்டு போவாள். முதல்நாள் அங்கே உழவர் வீட்டு மணியம்மாள் இறாலை வாங்கிக்கொண்டாள். ஆனால் மீன்காரப் பிள்ளையின் புண்ணில் வழிந்தது தன் மகன் உடம்பில் ஏறக் கூடாது என்று கதவைச் சாத்தினாள். இருசம்மாள் வேலியோரம் காறித் துப்பினாள். பிறகு கூடையைத் தலைக்கு ஏற்றி, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசலில் போய்க் கூப்பிட்டாள்.