மனையடி பார்த்துக் கட்டிய மாட்டுக் கொட்டகைக்கு ஒரு பயணம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, காலை ஐந்தரைக்கு ஓசூரிலிருந்து மினி லாரியில் கிளம்பினேன். சுற்றுலா இல்லை. நாட்றாம்பாளையத்தில் என் அண்ணன் முருகேசன் அனுமதி வாங்காமலே மாட்டுக் கொட்டகை கட்டத் தொடங்கி, எட்டுத் தூண் எழுப்பி, மெல்லிய பைப்பில் கூரைச் சட்டமும் போட்டுவிட்டான். ஷீட் ஏற்றும் முன்பே அது தொய்ந்துவிட்டது. பார்க்க வந்த பஞ்சாயத்து ஓவர்சியர், "திங்கக்கிழமைக்குள்ள கூரையப் பலப்படுத்திட்டு மனு குடுங்க. இல்லன்னா பிரிச்சுடுங்க" என்று சொல்லிவிட்டார். மழை நெருங்குகிறது, நான்கு மாடுகள் தார்ப்பாய்க்கு அடியில். நான் ஓசூரில் பதினோரு வருட வெல்டர். வேறு யாரைக் கூப்பிடுவான்?

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாகச் சுமார் அறுபது கிலோமீட்டர். வண்டி வாடகை மூவாயிரத்து ஐந்நூறு. டிபனைத் தேன்கனிக்கோட்டையிலேயே முடித்துவிடுங்கள், அப்புறம் காட்டு வழி. ஓரிடத்தில் யானை நின்றது. டிரைவர் சாதிக் பாய் இன்ஜினை அணைத்துவிட்டு, "அவரு போனப்பறம்தான்க்கா நாம" என்றார். இருபது நிமிடம் கழித்துத்தான் அவர் வழிவிட்டார்.

அண்ணன் போனில் சொன்ன பதினேழு அடிக்கு நான்கு முக்கோணச் சட்டங்களைப் பற்றவைத்துக் கொண்டுபோயிருந்தேன். அவை ஜோடித் தூண்களின் தலையில் உட்கார்ந்து பழைய சட்டத்தைத் தாங்க வேண்டும். முதல் சட்டத்தைத் தூக்கி வைத்தால், இரண்டு தூணுக்கும் நடுவில் இறங்கிவிட்டது.

"பதினேழுன்னு சொன்னியேண்ணா?"

"உள்கூடு பதினேழு. மனையடிக்கு உள்ளளவுதானே பாப்பாங்க?"

"மாட்டுக்கு எதுக்குண்ணா மனையடி! தூணோட கனத்த யாரு சேக்கறது?"

கோபத்தில் டேப்பை எடுத்து எல்லாத் தூணையும் நானே அளந்தேன். பிறகுதான் தோன்றியது: தலையில் உட்காராவிட்டால் என்ன, தோளில் உட்காரட்டும். சாதிக் பாய் அஞ்செட்டிக்குத் திரும்பிப் போய் ஆங்கிள் இரும்பு வாங்கி வந்தார். தூண்களைத் துளைத்து, போல்ட் போட்டு, உள்பக்கம் தாங்கிகள் வைத்தேன். ஜாக்கியால் தொய்வை நிமிர்த்திச் சட்டங்களைப் பொருத்தினேன். ஞாயிறு நான்கு மணிக்கு வேலை முடிந்தது.

திங்களன்று ஓவர்சியர் ஏணியில் ஏறி, சட்டத்தைப் பிடித்துத் தொங்கியே பார்த்தார். "எந்த இன்ஜினியர் போட்டது?"

"என் தங்கச்சி சார்" என்றான் அண்ணன். மனுவை வாங்கிக்கொண்டார். பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்?

இப்படி வேலையாகப் போகிறவர்கள் ஜெனரேட்டரை ஓசூரிலேயே ஏற்றிக்கொள்ளுங்கள்; அங்கே கரண்டை நம்ப முடியாது. அளவை நீங்களே டேப் பிடித்து எடுங்கள். அனுமதி வாங்கிவிட்டுக் கடைக்கால் தோண்டுங்கள்.

நேற்று அண்ணன் கூப்பிட்டான். அனுமதி வந்து ஷீட்டும் ஏற்றிவிட்டான். அங்கே பேய்க்காற்றோடு மழையாம்.

"நம்ம கொட்டாய் எப்படிண்ணா இருக்குது?"

"அசையல. ஊரே மழைக்கு இங்கதான் ஒதுங்கி நிக்குது. மாட்டுக்குத்தான் எடமில்ல."