வலைக்கு அந்தப் பக்கம் அண்ணன்

டென்னிஸ் சொல்லித்தருபவனுக்குப் பந்தால் வரும் தொல்லை குறைவு. வலைக்கு இரண்டு பக்கமும் நிற்கிற ஆட்களால் வருவதுதான் அதிகம். தேனியில் காலை நேரத்தில், ராக்கெட்டையே தொட்டுப் பார்க்காத பெரியவர்களுக்கு அடிப்படை சொல்லித்தருகிறேன். எதையாவது யாருக்காவது கற்றுக்கொடுத்துப் பிழைப்பவர்களுக்கு என் பாடு புரியும்.

பிடி

ராசாங்கம் ஓடைப்பட்டிக்காரர். திராட்சைத் தோட்டம் உண்டு, வயது ஐம்பதுக்கு மேல். சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் வியர்க்க விளையாடுங்கள் என்று டாக்டர் சொல்லி வந்திருந்தார். அவருடைய தம்பி கதிரேசன் அதற்கு முந்தின வாரமே என்னிடம் சேர்ந்திருந்தது அவருக்குத் தெரியாது. அப்பா இறந்ததிலிருந்து கிணற்றுப் பங்குக்காக இருவருக்கும் கோர்ட்டில் வழக்கு, பேச்சுவார்த்தை கிடையாது.

ராக்கெட்டின் கைப்பிடியை ஒருவரிடம் கைகுலுக்குவது போலப் பிடிக்கவேண்டும் என்றேன். அவர் மண்வெட்டியைப் போல இறுக்கினார். மறுபடியும் சொன்னேன். தூரத்தில் நின்ற தம்பியைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "யாரு கையின்னாலும் நெனச்சுக்கிறேன் சார். அந்தா நிக்கிறான்ல, அவன் கைய மட்டும் சொல்லாதீக."

ஜோடி

அந்த வகுப்பில் மொத்தமே நாலு பேர். மற்ற இருவர் கணவன் மனைவி; பிரித்தால் கோபித்துக்கொள்வார்கள். வேறு வழியில்லாமல் அண்ணனையும் தம்பியையும் எதிரெதிரே நிறுத்தினேன்.

இரண்டாம் நாளே கதிரேசன் அடித்த பந்து ராசாங்கத்தின் மூக்குக்கண்ணாடியில் பட்டது. புருவத்துக்குக் கீழே ரத்தம். தம்பி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. எதிராளி திருப்பி அடிக்க வசதியாகப் பந்தைப் போடுவதுதான் ஆரம்பப் பாடம் என்று அவரைக் கடிந்துகொண்டேன். அவர் பந்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "கையில குடுக்குற மாதிரி குடுக்கணும்னா, அதுக்கு வேற ஆளப் பாருங்க சார்."

ராலி

அப்படிச் சொன்னவர் மறுநாளும் வந்தார். மழைக்காலம் முடிவதற்குள் ராலி, அதாவது பந்து விழாமல் வலையைத் தாண்டிப் போய்வருவது, இருவருக்கும் பழகிவிட்டது. பேச்சு மட்டும் என் வழியாகத்தான் நடந்தது. அவரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள் என்று ஒருவர் சொல்வார், அது காதில் விழுந்து மற்றவர் தள்ளி நிற்பார்.

ஒரு நாள் பந்து விழவே இல்லை. அந்தக் கணவன் மனைவிகூட ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். முடிந்ததும் ராசாங்கம் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். மூச்சு வாங்கியது, முகம் தெளிவாக இருந்தது. "கேச வாபஸ் வாங்கிறலாம்னு இருக்கேன். நீங்க சொல்லிறாதீக சார், நானே சொல்லிக்கிறேன்."

ஓட்டம்

அதே வாரம், பந்தை மூலைக்கு மூலை மாற்றிப் போடக் கற்றுத்தந்தேன். கதிரேசனுக்கு அது சட்டென்று பிடிபட்டது. அண்ணனை இடமும் வலமுமாக ஓடவிட்டார். ராசாங்கமும் சளைக்காமல் ஓடினார். நான் போதும் என்று கையைத் தூக்குவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். தம்பி வலையைத் தாண்டி ஓடிவந்து, அண்ணனைத் தன் தோளில் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினார். ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது என்றார்கள்.

ஓடைப்பட்டியில் எல்லாம் முடிந்தபின், வழக்கைப் பற்றி அண்ணன் சொன்னதைக் கதிரேசனிடம் சொன்னேன். அவர் கேட்டார்: "அன்னைக்கே சொல்லியிருந்தீகன்னா, அவுகள இப்படி ஓடவிட்டிருக்க மாட்டேனே சார்?"

வயதானவர்கள் யாராவது வந்து விசாரித்தால், டென்னிஸ் உடம்புக்கு நல்லது என்றுதான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.