பண்டிகை நாளில் டூட்டி கேட்டவர்

உலையின் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி இருந்தது. ஒரு தீபாவளிக் காலையில் அவர் அதன் முன்னால் நின்று உள்ளே எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் பாதி செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. தொழிற்சாலை ஓய்ந்து கிடந்தது. சேரப்பணஞ்சேரிப் பக்கம் எங்கோ சரவெடி கேட்டது. புதுச்சட்டை போட்டுக்கொண்டு இனிப்புப் பெட்டியோடு போன என்னைப் பார்த்து, "ஹேப்பி தீபாவளி சார்" என்றார். நான் பெட்டியை நீட்டினேன். என் கண்ணோ அவர் காலடியில் இருந்த பையின் மேல் இருந்தது.

நான் அப்போது ஒரகடத்தில் பல்சக்கரம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பணியாளர் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உலைப் பிரிவின் சூப்பர்வைசர், ஐம்பதை நெருங்கியவர். உலையை எந்த நாளிலும் ஆறவிட முடியாது. ஆறினால் உட்சுவரில் விரிசல் விட்டுவிடும். அதனால் ஊரே விடுமுறையில் இருந்தாலும் அங்கே சிலர் இருந்தாக வேண்டும். தொழிலாளர்கள் இதற்கு அவர்களாகவே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கிறிஸ்தவர்கள் உலையைப் பார்த்துக்கொள்வார்கள். கிறிஸ்துமஸுக்கும் புனித வெள்ளிக்கும் இந்துக்கள் வருவார்கள். மறுநாள் ஒருவர் வீட்டு அதிரசமும் இன்னொருவர் வீட்டுக் கேக்கும் கை மாறும். எனக்குப் பிடித்த ஏற்பாடு அது. அதில் பொருந்தாமல் நின்றவர் அவர் ஒருவர்தான். தீபாவளியா, அவர் இருப்பார். கிறிஸ்துமஸா, அப்போதும் இருப்பார். ரம்ஜான், மாட்டுப்பொங்கல், ஆடி ஞாயிறு எதற்கும் அவரே முன்வந்து கேட்பார்.

எனக்குப் பண்டிகைகளின் வரலாற்றில் ஆசை உண்டு. ஒவ்வொரு விடுமுறைக்கு முன்னாலும் அறிவிப்புப் பலகையில் அது எப்படித் தோன்றியது என்று ஒரு குறிப்பு எழுதி ஒட்டுவேன். மழைக்காலம் முடிந்து அரசர்கள் படைக்கலங்களை எடுத்துப் பூசை செய்ததன் மிச்சம் ஆயுத பூசை. குளிர்ந்த நாட்களில் சூரியன் திரும்பி வருவதைக் கொண்டாடிய பழைய விழாக்களின் சாயல் கிறிஸ்துமஸில் உண்டு. உழவுமாட்டுக்கு நன்றி சொன்ன நாளில் இப்போது இந்தப் பக்கத்துப் பையன்கள் பைக்குக்குப் பொட்டு வைக்கிறார்கள் என்றெல்லாம் எழுதுவேன். பலரும் படித்துவிட்டுப் பாராட்டுவார்கள். அவர் முழுவதும் படிப்பார், லேசாகச் சிரிப்பார், போய்விடுவார். அந்தச் சிரிப்புதான் என்னை அரித்தது.

இரட்டைச் சம்பளத்துக்காக வருகிறார் என்று முதலில் நினைத்தேன். விசாரித்தால், அவர் அதை வாங்குவதே இல்லை. பதிலுக்கு வேறொரு சாதாரண நாளில் விடுப்பு எடுத்துக்கொள்வார். அது என் சந்தேகத்தைக் கூட்டியது. கூலியும் வேண்டாம், பண்டிகையும் வேண்டாம் என்றால் ஆளில்லாத தொழிற்சாலையில் இவருக்கு என்ன வேலை? செம்புக் கம்பியா, கருவிகளா? கேட்டில் அவர் பையை மட்டும் தனியாகச் சோதிக்கச் சொன்னேன். டிபன் பாக்ஸ், துண்டு, பழைய செய்தித்தாள், அவ்வளவுதான். அவர் முகம் கோணாமல் பையை விரித்துக் காட்டினாராம். திருடிப் பழகிய கை என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

ஒருநாள் நேராகவே கேட்டேன். "உங்க பண்டிகைதான் எது?"

"டூட்டிதான் சார்" என்றார்.

அவர் ஊர்க்காரன் ஒருவன் அசெம்பிளிப் பிரிவில் இருந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். அவனைக் கூப்பிட்டு விசாரித்தேன். "எங்க ஊருதான் சார். அவரு காலனி" என்றான். பிறகு சிரித்துக்கொண்டே, "ஆடித் திருவிழாவுக்கு அவரு வரலன்னா சாமி பொறப்படாது சார். மூணு வருசமா டிமிக்கி குடுத்துகினு கீறாரு. பெரிசுங்கள்லாம் செம காண்டுல கீறாங்க" என்றான். காலனி என்ற சொல் என் காதில் தெளிவாக விழுந்தது. விழவில்லை என்றுதான் வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கோயிலே தேடுகிற மனிதர் இங்கே ஒளிந்துகொள்கிறார் என்றால் இங்கே ஏதோ இருக்கிறது என்ற ஒன்றைத்தான் நான் கேட்க விரும்பினேன்.

அந்த ஆடி ஞாயிற்றுக்கு அவர் டூட்டி கேட்டபோது மறுத்தேன். எல்லோருக்கும் முறை வைத்துத்தான் இனிமேல் என்றேன்.

"சார், டூட்டி கீதுன்னு ஊர்ல சொல்லிட்டேன் சார். வூட்ல இருந்தா கூட்டுகினு போய்டுவாங்க."

"போயிட்டு வாங்களேன். சாமி காரியம்தானே?"

அவர் மேசைக்கு இன்னும் ஓரடி அருகே வந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. சொல்லட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. கணினித் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த ஞாயிறு உண்மையிலேயே ஊரில்தான் இருக்கிறாரா என்று பார்க்க நானே போனேன். ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. மணிமங்கலத்துக்கு அப்பால் உள்ளொடுங்கிய கிராமம். தெருமுனையில் எங்கள் உலைப் பிரிவுப் பையன்கள் ஐந்தாறு பேர் பைக்குகளோடு நின்றார்கள். அசெம்பிளிப் பையன் கூழ் குடிக்க அழைத்திருந்தான். பெரிய தெரு தொடங்கும் இடத்துக்கு வெளியே, அதைத் தாண்டாமல், பறையடிப்பவர்கள் நின்றார்கள். நடுவில் நம் சூப்பர்வைசர். இடுப்பில் துண்டு, தோளில் பறை. சாமி புறப்படத் தாமதமாகிக்கொண்டிருந்தது. அந்த அசெம்பிளிப் பையனே அவரைப் பார்த்துக் கத்தினான்: "டேய், இன்னாடா வேடிக்கை பாத்துகினு கீற? அட்ரா!"

எங்கள் பையன்களில் ஒருவன் சிரித்தான். அவர் திரும்பியபோது முதலில் அவர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பிறகு அடித்தார். எல்லோரும் குடித்து முடித்த பிறகு அவருடைய பாத்திரத்தில் பட்டுவிடாமல் உயரத் தூக்கிப் பிடித்துக் கூழை ஊற்றினார்கள். நான் பக்கத்தில் போகவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் ஷிப்டில் வெப்பத்தைக் கூட்டச் சொல்லி அவர் குரல் கொடுத்ததும் ஒருவன் ஸ்பானரால் இரும்புத் தட்டில் தாளம் போட்டானாம். இன்னொருவன், "சாமி பொறப்படலாமா ண்ணா?" என்றானாம். அதன்பின் அவர் சொன்ன எதையும் ஒருவனும் ஒழுங்காகச் செய்யவில்லை. அந்த வாரமே ராஜினாமாவோடு என் அறைக்கு வந்தார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு ஒரு குறை அவர்மேல் இருந்தது.

"இன்னான்னு சார் சொல்றது? ஆடிக்கு மட்டும் டூட்டி கேட்டா ஏன்னு கேப்பீங்க. எல்லாத்துக்கும் கேட்டா பைத்தியக்காரன்னு வுட்ருவீங்கன்னு நெனச்சேன்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "அடிக்கறது கேவலம் இல்ல சார். எங்கப்பா அடிச்சா நின்னு கேக்கணும் போல இருக்கும். கூப்புட்ற விதம்தான் கேவலம். நான் வரலன்னா ஊரு ஒத்துக்காது. கம்பெனி வுடலன்னு சொன்னா ஒத்துக்கும். அதுக்குத்தான் சார் கம்பெனி."

தாளம் போட்டவனை நான் கண்டிக்கவில்லை. ராஜினாமாவை ஏற்றுக்கொண்டேன். இன்னும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஆடிக்குப் பலகையில் எழுதினேன்: வெயிலின் நோய்கள் பரவும் காலத்தில் ஊரார் அனைவரும் ஒரே பானையிலிருந்து பகிர்ந்து குடித்ததே கூழ் வார்த்தலின் தொடக்கம் என்று. கண்ணால் பார்த்துவிட்டு வந்த பிறகு எழுதினேன். அதற்கும் பாராட்டு வந்தது.

ஓய்வு பெற்றுப் படப்பையில் மகன் வீட்டில் இருக்கிறேன். பண்டிகை வாழ்த்துகள் கைபேசியில் குவிகின்றன. ஒவ்வொன்றிலும் யார் எங்கே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்று மனம் தேடுகிறது. என்னையே நான் நம்புவதில்லை. அது ஒன்றுதான் அந்தப் பழைய சந்தேக புத்தியால் எனக்குக் கிடைத்த நன்மை.

போன ஆடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பெருமாள் கோவில் நிலையத்துக்கு வெளியே அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. வேறொரு நிறுவனத்தின் செக்யூரிட்டி சீருடை. ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும், "நல்லா கீறீங்களா சார்?" என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ முறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் ஒன்று என்னிடம் இருந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"ஞாயித்துக்கிழமையும் டூட்டி தர்றாங்களா?"

"தர்றாங்க சார்" என்றார். "அங்க கீறவரு ஏன்னு கேக்கறதில்ல."

"ஒரகடம், ஒரகடம், ஓராள் ஏறு!" என்று ஓட்டுநர் கத்தினார். அவர் ஓரமாக நகர்ந்து எனக்கு இடம் விட்டார். நான் ஏறவில்லை.