ஈயம் இல்லாத சக்கரம்

சக்கரத்தின் விளிம்பில் ஈயத் துண்டு இல்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நாமகிரிப்பேட்டைக்கு வெளியே, மரவள்ளிக் காட்டை ஒட்டி எங்கள் வீடு. மகள் அப்போதுதான் உட்காரப் பழகியிருந்தாள். அடிக்கடி நெஞ்சில் சளி கட்டியதால் மாதம் ஒருமுறை சேலத்துக் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டியிருந்தது. வீட்டு அம்பாசிடரில் போவோம். ராசிபுரம் தாண்டி வேகம் எடுத்ததும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும். கதவுக் கண்ணாடி தடதடக்கும். குழந்தை என் மடியில் இருப்பாள். எதிரே வரும் ஒவ்வொரு லாரியும் எங்களை நோக்கியே வருவதுபோல் இருக்கும்.

"முன்சக்கரம் பேலன்ஸ் போயிருச்சு. வேற ஒண்ணுமில்ல" என்பார் என் கணவர். வேகத்தைக் குறைத்தால் நடுக்கம் நிற்கும். ஆனால் நான் வாய் திறந்து சொல்லாமல் அவர் குறைத்ததில்லை.

பஸ்ஸில் போகலாமே என்று மாமியாரிடம் ஒருமுறை மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "ஊட்டுல காரு நிக்கறப்போ கைக்குழந்தையத் தூக்கிட்டு பஸ்ஸுல போனா ஊருல என்ன பேசுவாங்க?" என்றார்.

பிறகு ஒருநாள் என் கணவர் தனியாக வண்டியை எடுத்துப் போய், மாலையில் திரும்பி வந்தார். "சேலத்துல மிஷின்ல போட்டு எடுத்தாச்சு. இனி ஆடாது."

நான் சூரமங்கலத்தில் வளர்ந்தவள். பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு டயர் கடை இருந்தது. சக்கரத்தை மிஷினில் மாட்டிச் சுழற்றி, எந்தப் பக்கம் கனம் குறைகிறதோ அங்கே விளிம்பில் சின்ன ஈயத் துண்டை வைத்துச் சுத்தியலால் தட்டுவார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மறுநாள் வாசல் கூட்டும் சாக்கில் குனிந்து பார்த்தேன். இரண்டு முன்சக்கரங்களிலும் ஈயம் இல்லை. ஒருவேளை தேவைப்பட்டிருக்காது. ஒருவேளை கழன்று விழுந்திருக்கும். கேட்டால், நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று சொன்னதாகிவிடும். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அவர் வண்டியைக் கொட்டகையிலிருந்து மெதுவாக உருட்டியபோது சரசரவென்று ஒரு சத்தம் கேட்டது. குழந்தையின் கிலுகிலுப்பை என்று நினைத்தேன். கிலுகிலுப்பை என் இடுப்பில் செருகியிருந்தது.

"டயர் இடுக்குல கல்லு மாட்டியிருக்கும்" என்றார், கேட்காமலேயே. அதுதான் எனக்கு உறுத்தியது.

அடுத்த நாள் கொட்டகையில் எறும்புச் சாரை. முன்சக்கரத்தின் காற்றடிக்கும் வால்வுக்கு நேர் கீழே, அதன் இடுக்கிலிருந்து உதிர்ந்து மண்ணில் கிடந்த வெள்ளைக் குருணையை எறும்புகள் தூக்கிப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்துப் பல்லில் கடித்தேன். ஜவ்வரிசி. ஆனால் எங்கள் சமையலறை டப்பாவில் இருப்பது பெரிய மணி. இது கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அந்த ரகம் எந்த மில்லில் ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும். ஆத்தூர் போகும் வழியில் சேகோ மில் வைத்திருந்தவர் என் நாத்தனாரின் கணவர்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிட வந்தார். மோர் ஊற்றும்போது கேட்டுவிட்டேன்.

"அண்ணா, காரு சக்கரத்துக்குள்ள ஜவ்வரிசி இருக்குதுங்களா?"

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் இலையில் இருந்த ஊறுகாயைப் பார்த்தார். பிறகு அண்ணன் பெரிதாகச் சிரித்தார்.

"கண்டுபுடிச்சிருச்சு பாரு மாப்ள, உம்பட பொண்டாட்டி! இதையப் போலீஸுக்கு அனுப்பியிருக்கோணும்."

"மிஷின்ல போட்டதாச் சொன்னாருங்களே?"

"மிஷின்ல கூட்டம்னு திரும்பி வந்துட்டான். மில்லுல வந்து நின்னான். நாந்தான் சொன்னேன். வால்வக் கழட்டிட்டு டியூப்புக்குள்ள ரெண்டு கை ஜவ்வரிசிய உட்டம். சக்கரம் சுத்தறப்ப எங்க கனம் குறையுதோ அங்க அது தானாப் போயி உக்காந்துக்கும். ஈயம் அடிச்ச எடத்துலயே நிக்கும் அம்மணி. இது தேடிப் போவும். எம்பட மில்லு வேன்ல ஓடிட்டுத்தான் இருக்குது."

"பாப்பா அதுல வருதுங்களே."

"அது எனக்கு மருமகளாச்சே! அவ போற வண்டில வெளையாடுவனா?"

பி.யூ.சி.யில் பௌதிகம் படித்தவள்தான் நான். குருணை அப்படிப் போய் உட்காராது என்று மறுக்க எனக்குக் காரணம் அகப்படவில்லை. அந்த மாதம் சேலம் போனபோது ஸ்டியரிங் ஆடவேயில்லை. கணவர் ஒற்றைக் கையால் ஓட்டி, என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். மடியிலிருந்த குழந்தையைப் பிடித்த பிடியை மட்டும் தளர்த்தவில்லை.

அன்று திரும்பும் வழியில், ராசிபுரத்தில் அதே முன்சக்கரம் பஞ்சர். ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்தது. டியூபை வெளியே இழுத்த கடைக்காரர் அதை அமுக்கிப் பார்த்து, "உள்ள என்னமோ நெறநெறங்குதுங்களே" என்றார்.

"அது இருக்கட்டும். ஒட்டி மட்டும் குடுங்க" என்றார் இவர்.

ஒட்டி முடித்துக் காற்றுக் குழாயை அழுத்தியதும், காற்றோடு நீர்த்துளியும் சீறி என் முழங்கையில் தெறித்தது.

"ஏனுங்க, காத்தோட தண்ணி வருதுங்க."

"மழைக்காலத்துல அப்படித்தான் வருமுங்க. காத்தடிக்கற டேங்கில தேங்கிக்கும்" என்றார் கடைக்காரர்.

ஜவ்வரிசியில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று எந்தப் பெண்ணுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கணவரின் காதருகே போய்ச் சொன்னேன். "நாலு சொட்டுத் தண்ணிக்கு இவ்வளவா?" என்றார். நாலு சொட்டுத்தானே என்று என்னையே நான் சமாதானப்படுத்திக்கொண்டேன். வீடு வரை வண்டி ஆடவுமில்லை.

அடுத்த மாதம் மல்லூருக்கு முன்னால் தொடங்கியது. முன்பு நடுக்கமாக இருந்தது இப்போது உதறலாகிவிட்டது. வேகத்தைக் குறைத்தும் அடங்கவில்லை. குழந்தையின் தலை என் மார்பில் மோதி மோதி எழுந்தது. இருமிக்கொண்டிருந்தவள் அழவும் தொடங்கினாள்.

"ரோடு சரியில்ல" என்றார்.

"நிறுத்துங்க."

"மல்லூர் போயி..."

"நிறுத்துங்க. இனி இதுல வரமாட்டேன். நாங்க பஸ்ஸுல போறோம்."

அந்தக் குரலில் அவரிடம் நான் அதுவரை பேசியதில்லை. நிறுத்திவிட்டார். நான் குழந்தையோடு புளியமரத்து ஓரமாக நடக்க, வண்டி பின்னால் ஊர்ந்து வந்தது.

மல்லூர் பஞ்சர் கடையில் டியூபை அறுத்துப் பார்த்தார்கள். ஒரு பக்கம் முழுக்கக் கூழாகி, கையகலக் கட்டியாக ரப்பரோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. அது தேடிப் போகும் பொருளாக இல்லை. புளித்த வாடை கடை முழுவதும் பரவியது.

"ஏனுங்க சார், பஞ்சர் ஒட்ட வந்தீங்களா, வடாம் போட வந்தீங்களா?" என்றார் கடைக்காரர். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேலம் பஸ் வந்ததும் ஏறிக்கொண்டேன். இவர் தடுக்கவில்லை.

மருத்துவரிடம் காட்டிவிட்டு வெளியே வந்தபோது கார் தெருவில் நின்றது. "புது டியூபு மாட்டி, மிஷின்ல காத்திருந்து நாலு சக்கரமும் போட்டாச்சு. ஏறு" என்றார்.

குழந்தையை அவர் கையில் கொடுத்தேன். தெருவில் ஆட்கள் போய்வந்துகொண்டிருக்க, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, முன்சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து விளிம்பைத் தடவினேன். ஈயம் இருந்தது. பின்னால் போய்ப் பார்த்தேன். இருந்தது. மறுபக்கம் வந்தேன், பின்சக்கரத்தில் இருந்தது. கடைசியாக அந்த முன்சக்கரம். சுற்றிலும் தடவினேன்.

"இதுல இல்லைங்க."

மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி மண்ணில் பட்டது. என் கையைப் பிடித்துச் சக்கரத்துக்குப் பின்னால், உள்விளிம்புக்குக் கொண்டுபோனார்.

"உள்பக்கம் அடிச்சிருக்காங்க. அழுத்திப் பாரு."

விரல் நுனியில் சில்லென்று தட்டுப்பட்டது. நகத்தால் நெம்பிப் பார்த்தேன். அசையவில்லை. இன்னொரு முறையும் நெம்பிப் பார்த்துவிட்டு, கரியான கையோடு குழந்தையை வாங்கிக்கொண்டு ஏறினேன்.